மடியில் விழும் சாவி

மேலே சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்தைப் போட்டு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இன்னும் பத்து நிமிஷம் போனால் மாவு சூடேறும், சூடேறினால் இட்லி கல்லாகும், நாளைக் காலையில் இதே மனுஷன் ஒரு விள்ளலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஆபீஸில் தேயிலை ருசி பார்க்கிற அதே முகத்தோடு, மாவு இன்னிக்குக் கொஞ்சம் சரியில்லையோ என்று கேட்பார். கட்டின பெண்டாட்டி இந்த ஷெட்டில் ஒரு ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது. ஐந்து நிமிஷம் என்றுதான் கூப்பிட்டார்கள். காருக்கு அடியில் போய்விட்ட ஆண்களுடைய ஐந்து நிமிஷத்துக்குக் கடிகாரம் கிடையாது என்று வசுமதிக்குக் கல்யாணமான முதல் மாசமே தெரியும், தெரிந்தும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் இறங்கி வந்தாளே, அவளைச் சொல்ல வேண்டும். விரல் இடுக்கில் மாவு காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்து அந்தப் புதுத் தோல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டட்டும். இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பி, டிரைவர் பக்கமாகச் சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்ததில் விலாவில் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மெக்கானிக் போஜன் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டு, இரண்டு காலையும் கதவு வழியாக வெளியே நீட்டியிருந்தான். திறந்த பானட்டுக்கு அந்தப் பக்கம், டார்ச்சும் கையுமாக, அவள் கணவர் கிருபாகரன். வேலை இவ்வளவுதான்: பழைய ஸ்டியரிங் தண்டையும் சக்கரத்தையும் எடுத்தாயிற்று, புதியதை உள்ளே விட்டாயிற்று, கீழே பல்லோடு பல் சேர்கிற நேரத்தில் மேலே சக்கரம் ஒரு நூல்கூடக் கோணாமல் நேராக நிற்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் என்று கிருபாகரன் சொல்லிவிட்டார். சுவரில் காலண்டர் அரை அங்குலம் சாய்ந்திருந்தாலும் அதைச் சரி பண்ணாமல் சோற்றில் கை வைக்க மாட்டாள், அவளைக் கூப்பிடு, கோணல் அவள் கண்ணில்தான் படும். பாராட்டு மாதிரி ஆரம்பித்துக் குத்தாக முடிப்பது அவருக்குக் கைவந்த கலை. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

தரையில், போன வாரத்துப் பேப்பர் மேல், பழைய தண்டு கிடந்தது. ஒரே இரும்பு, உலக்கை நீளம், முனையில் கிரீஸ் கறுத்திருந்தது. மூன்று வருஷமாக அவள் கரித்துக்கொட்டியது இதைத்தான். குன்னூர் கிளப்பில் ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது, பழைய கார் வைத்திருக்கிற ஒரு ரிட்டயர்டு கர்னல், இவளுக்கு நேரே உட்கார்ந்து, முள்கரண்டியை மேஜை விளிம்பில் நிறுத்தி, அதன் மேல் ஒரு கட்லெட்டை மெதுவாகக் கொண்டுவந்து இறக்கிக் காட்டினார். இதுதான்மா உங்க வீட்டுக்காரர் நெஞ்சு, இதுதான் அந்தக் காலத்து ஸ்டியரிங் தண்டு, முன்னால ஏதாவது இடிச்சா தண்டு ஈட்டி மாதிரி பின்னால வரும், மடங்காது, வளையாது, அவ்வளவுதான். சொல்லிவிட்டு அந்த ஆள் கட்லெட்டைத் தின்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் அந்தப் பச்சை நிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை என்று பெயருக்கு ஒரு துணி போட்ட லண்டன் கார் தெருவில் இறங்கும்போதெல்லாம் அவளுக்கு அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான்தான் கண்ணில் படும். மாற்றுங்க என்றாள். இடித்தால் மடங்குகிற தண்டு பின்னால் வந்த மாடலில் உண்டாமே, அதை வாங்கிப் போடுங்க என்றாள். குளிக்கும்போது சொன்னாள், பேப்பர் படிக்கும்போது சொன்னாள், அவருடைய தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னாள். கடைசியில் அவர் எங்கெங்கோ எழுதிப் போட்டு, இங்கிலாந்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து, வைக்கோலுக்கு நடுவில் இந்தத் தண்டும், பழசைவிடச் சின்னதாக, தோல் சுற்றிய இந்தச் சக்கரமும் இருந்தன. அவளுடைய நச்சரிப்புக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே முழு வெற்றி. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் எல்லோரும் ஊர்வலமாக மேட்டுப்பாளையம் இறங்குகிறார்கள், பதினாலு கொண்டை ஊசி வளைவு, முன்னால் போவது இந்தக் கார், ஓட்டுவது சங்கத்தின் செயலாளர் கிருபாகரன், பக்கத்தில் நெஞ்சு பதறாமல் உட்கார்ந்திருக்கப் போவது வசுமதி. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள், ஒரு கால் மணி நேரத்துக்கு முன்பு வரைக்கும். இன்று வெள்ளிக்கிழமை.

கால் மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவள் சக்கரத்தைத் தொட்டு நேராக்கப் பார்த்தபோது அது அசையவில்லை. போஜன் அடியிலிருந்து குரல் கொடுத்தான். அக்கா, லாக் விழுந்திருக்கு, சாவியப் போட்டுக் கொஞ்சம் திருப்புங்க. என்ன லாக் என்று கேட்டாள். அதை அவன் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. பழைய வண்டியில் சாவி டேஷ்போர்டில் சொருகுவது, இதில் தண்டிலேயே, சக்கரத்துக்கு அடியில் இடது பக்கம் இருக்கிறது, அணைத்துச் சாவியை வெளியே எடுத்துவிட்டால் உள்ளே ஒரு நாக்கு வந்து தண்டைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் யானை வந்து இழுத்தாலும் சக்கரம் திரும்பாது, திருட வந்தவன் நேராப் போய்ச் சுவத்துலதான் முட்டணும் அக்கா. கிருபாகரன் அந்தப் பக்கம் சிரித்தார். அவளும் சிரித்தாள், சாவியைப் போட்டுத் திருப்பினாள், நாக்கு உள்ளே போயிற்று, சக்கரம் இளகிற்று. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவன் சொன்னதில் ஒன்று திரும்பி வந்தது. சாவியை வெளியே எடுத்துவிட்டால். சாவியை வெளியே எடுத்துவிட்டால். டேஷ்போர்டில் பழைய சாவி இருந்த இடத்தில் இப்போது வெறும் ஓட்டை, ஒரு ரூபாய் அகலம், உள்ளே இருட்டு. அந்த ஓட்டையைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். மடியில் மாவுக் கறை.

கல்யாணமான நாலாம் நாள் இதே காரில் கீழே இறங்கினார்கள். பர்லியார் பழக்கடைகளில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினார்கள், அவளுடைய பட்டுப்புடவையில் அதன் சாயம் பட்டுவிடுமோ என்று அவள் கையைத் தூக்கிப் பிடித்தபடியே தின்றாள், அவர் எதுவும் பேசவில்லை, அவர் எப்போதுதான் பேசினார், தேயிலையைப் பற்றிச் சொல்ல அவரிடம் நாற்பது வார்த்தை உண்டு, துவர்ப்பில் மட்டும் ஆறு வகை சொல்வார், பெண்டாட்டிக்கு ஒரே வார்த்தை, ம். கடைகளைத் தாண்டி முதல் வளைவு வருகிற இடத்தில் இடது கையை நீட்டி எஞ்சினை அணைத்தார். அப்போதே அந்தச் சாவித் துவாரம் தேய்ந்து போயிருந்தது, எந்த நிலையில் இருந்தாலும் சாவி உருவிக்கொண்டு வந்துவிடும். உருவினார். திரும்பிப் பார்க்காமல் அவள் மடியில் போட்டார். எஞ்சின் சத்தம் நின்ற அந்த நிமிஷத்தில் காட்டுச் சத்தம் மொத்தமும் காருக்குள் வந்தது, ஓடைத் தண்ணீர், வண்டு, எங்கோ ஒரு பறவை, டயர் ரோட்டில் உரசுகிற சின்னச் சீறல். சாவி சூடாக இருந்தது. புடவை மடிப்பு வழியாகத் தொடையில் அந்தச் சூடு இறங்கியது. கல்லாறு வந்ததும் அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார், இலையில் உப்புக் கேட்கிற மாதிரி, அவள் சாவியை வைத்தாள். அதற்கப்புறம் எத்தனை தடவை இறங்கியிருப்பார்கள். அவருடைய அம்மா செத்ததற்கு இறங்கினார்கள், மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டுத் திரும்பிய வருஷம் பேசாமல் இறங்கினார்கள், மூன்று நாள் சண்டைக்கு நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். பர்லியார் தாண்டினால் சாவி மடியில் விழும். சண்டையின்போதும் விழுந்தது. அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே முந்தானையைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொள்வாள், விழுவதற்கு இடம் பண்ணி. உலகத்தில் எதைப் பற்றியும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள், பால்காரனிலிருந்து பாதிரியார் வரைக்கும் இவள் நாக்குக்குத் தப்பியவர் கிடையாது, அவள் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் இருபத்தாறு வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் போய்விடும் என்று தெரியும். சில விஷயங்கள் பேர் வைத்தால் செத்துப்போகும்.

இப்போது சாவி இங்கே இருக்கிறது, இந்தத் தண்டில். ஞாயிற்றுக்கிழமை பர்லியார் தாண்டும். கை வரும். முதலில் பழைய இடத்துக்குப் போகும், ஓட்டையைத் தடவும், அப்புறம் தேடும், இரண்டு சாண் தள்ளித்தானே இருக்கிறது, கண்டுபிடிக்கும், அணைக்கும், உருவும். சாவி மடியில். வளைவு வரும். சக்கரத்தைத் திருப்புவார், கொஞ்சம் திரும்பும், அப்புறம் உள்ளே அந்த நாக்கு. டக். ரோட்டோரச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், வேர்க்கடலை தின்கிற குரங்குகள், அவை மட்டும் சரியான நேரத்தில் குதித்து விலகும். சுவருக்கு அந்தப் பக்கம் பனி. பனிக்கு அந்தப் பக்கம். இடித்தால் மடங்கும் என்று சொன்னார்களே, மடங்கட்டும், நானூறு அடியில் எது மடங்கினால் என்ன, எது மடங்காவிட்டால் என்ன. நெஞ்சுக்கு ஈட்டி வேண்டாம் என்று மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய வரம் இது. அவளே கேட்டது, அவளே பிடித்துக்கொண்டிருப்பது. விலாவில் அந்த நரம்பு மறுபடியும் சுண்டியது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சுதியில் ஓடிய சத்தம் இப்போது கொஞ்சம் கனத்திருந்தது, மாவு பொங்கிக் கல்லோடு மேலே ஏறுகிறது என்று அர்த்தம்.

அவள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டு எதுக்கு, இந்தச் சந்துக்குள்ள எவன் வந்து திருடப் போறான், எடுத்துடுங்க என்றாள். கிருபாகரன் பானட்டுக்கு மேலே முகத்தைத் தூக்கிப் பார்த்தார். மூணு வருஷமா ஈட்டி, ஈட்டின்னு என்னைக் குத்தினே, ஈட்டியை எடுத்தாச்சு, இப்போ பூட்டா, என்று அவளிடம் சொல்லாமல் போஜனிடம் சொன்னார், ஆண்பிள்ளைகளுக்குள் ஒரு பொதுவான நோயைப் பற்றிப் பேசிக்கொள்கிற குரலில். போஜன் சிரித்தது அவனுடைய பாதங்களில் தெரிந்தது. வசுமதி விடவில்லை. கேட்டுவிடலாம், ஒன்றும் தெரியாத மாதிரி, வேறு எதையோ கேட்கிற மாதிரி.

"ஏங்க, பர்லியார் தாண்டினதும் சாவிய என்ன பண்ணுவீங்க?"

"சாவிய என்ன பண்ணுவாங்க? அது பாட்டுக்கு அதுக்குள்ள இருக்கும்."

அவள் அவருடைய காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் அவருக்கு வலது காது மடல் சிவக்கும், சீட்டாட்டத்தில் அவர் தோற்பதே அதனால்தான். காது வெளுப்பாக, முடி இரண்டு நீட்டிக்கொண்டு, எப்போதும் போல இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. அய்யோ, இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு அவரே எழுதிய நோட்டீஸில் மூன்றாவது வரி, இறக்கத்தில் எஞ்சினை அணைத்து வண்டியை உருள விடுவது தற்கொலைக்குச் சமம், அதில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவளே அவள்தான், திருத்தும்போது அவர் மனப்பூர்வமாகத்தான் எழுதியிருக்கிறார் என்றும் பட்டது, யோக்கியன்தான், அவர் செய்வதில்லை, அவர் கை செய்கிறது. கையிடம் போய் யார் சொல்வது. ராத்திரி சொல்லலாம், போஜன் போன பிறகு, சோறு போடும்போது. சொன்னால் சரி என்பார், தலையாட்டுவார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீங்க என்று இருபத்தாறு வருஷமாகத் தினம் ஒரு தடவை சொல்கிறாள், தினம் தலையாட்டுகிறார், இன்றைக்குக் காலையிலும் கட்டிலில் மெத்தை நனைந்து கிடந்தது. வார்த்தை காதோடு நின்றுவிடும், கைவரைக்கும் இறங்குவதில்லை. சின்ன வயசில் ஊட்டி கான்வென்டில் சிஸ்டர் ஆக்னஸ் அவளிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள், டெஸ்கில் காம்பஸ் முனையால் யானை செதுக்கியதற்கு. கை தானா செஞ்சுது சிஸ்டர் என்று இவள் சொன்னதற்கு, கை தானாக எதையும் செய்யாது வசுமதி, மனசு சொல்லித்தான் கை செய்யும், என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடியாக ஸ்கேலைப் பக்கவாட்டில் திருப்பி முட்டியில் அடித்தாள். சிஸ்டர் பாவம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளுக்குக் கையைப் பற்றி என்ன தெரியும். அவர் மனசுதான் சொல்கிறதென்றால் அப்புறம் இவள் மடியில் விழுந்ததெல்லாம், சண்டை நாளில் விழுந்ததுகூட, அவர் மனசா. மனசு இல்லையென்றால், வெறும் கை என்றால். அந்த இடத்தில் எண்ணம் கொக்கியில் மாட்டிய புடவை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும். இழுக்காவிட்டால் இங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பல் சேர்ந்துவிட்டது. நேரா இருக்கா அக்கா என்று போஜன் கேட்டான். சக்கரத்தின் மூன்று கம்பிகளும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே, மயிரிழை பிசகாமல் நின்றன. கோணல் என்று சொல்லலாம். சொன்னால் மறுபடி உருவுவான், மறுபடி சேர்ப்பான், அரை மணி நேரம் போகும், போய்? அவள் வாய் அதுபாட்டுக்கு, நேராத்தான் இருக்கு என்றது. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கு எப்போதும் உண்மைதான் வந்து தொலைக்கும். அவன் கீழ் போல்ட்டை முறுக்கினான், எழுந்து உட்கார்ந்தான், நெற்றியில் கிரீஸ் பொட்டு. இனிப் பூட்டை மட்டும் இறுக்கணும், இரண்டு போல்ட்தான் என்றான். சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் காட்டினான், அக்காவுக்கு வேடிக்கை காட்டுகிற ஆசையில். கழுத்து மெலிந்த போல்ட். முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தலை தனியாக ஒடிந்து விழுந்துவிடும், உடம்பு உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது, பூட்டைக் கழற்றவே முடியாது, திருடனால் மட்டுமில்லை, போட்டவனாலும் முடியாது. டிரில் போட்டுத் தோண்டித்தான் எடுக்கணும், ஒரு நாள் வேலை. அவள் அந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள், இவ்வளவு சின்னது, மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம் பெரிசு. திருப்பிக் கொடுத்தாள். எதற்குத் திருப்பிக் கொடுத்தாள். முழுங்கியிருக்கலாம், வாய்க்குள் போட்டுக்கொண்டு மேலே ஓடியிருக்கலாம், ஐம்பது வயசை எட்டப்போகிற பொம்பளை இரும்பு போல்ட்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள் என்று ஊர் பேசியிருக்கும், பேசட்டுமே. போஜன் முறுக்கினான். இப்போது சொல்லிவிட வேண்டும். நிறுத்து போஜன், உங்க சார் எஞ்சினை அணைச்சு சாவிய உருவி என் மடியில போடுவார், போட்டா பூட்டிக்கும், செத்துப்போவோம். வாக்கியம் முழுசாக, ஒற்றுப்பிழை இல்லாமல், தயாராக இருந்தது. அவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருப்பார். நானா என்பார். போஜன் சிரிப்பான், நாளைக்கு மார்க்கெட் முழுக்க, டீ டேஸ்டர் சார் அக்கா மடியில சாவி போட்டு விளையாடுவாராம். அதுகூடப் போகட்டும். அவர் திரும்பி அவளைப் பார்ப்பாரே, அதுதான், இத்தனை வருஷமா இதைச் சேர்த்து வெச்சிருந்தியா என்பது மாதிரி ஒரு பார்வை, அந்தப் பார்வைக்கு முன்னால் அவள் எந்த முகத்தை வைத்துக்கொள்வாள், அவளிடம் அதற்கு முகம் இல்லை, எல்லா முகமும் கடித்துத் துப்புகிற முகம்தான். டிக். முதல் தலை ஒடிந்து கீழே உருண்டது. இன்னும் ஒன்று இருக்கிறது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று மூச்சை இழுத்துக்கொண்டாள். மேலே கிரைண்டர். மாவு சூடாகியிருக்கும். போய் அணைத்துவிட்டு வந்து சொல்லலாம். டிக்.

சீட்டை மாட்டினார்கள். ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம் வா என்றார் கிருபாகரன். மாவு என்றாள் அவள். அஞ்சு நிமிஷம் என்றார். அவள் இறங்கவில்லை. இறங்கத்தான் நினைத்தாள், கால் இறங்கவில்லை, அவர் தனியாக அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்ப்பதைவிட இது மேல் என்று அதற்குப் பட்டது போலிருக்கிறது. ஷெட்டிலிருந்து சந்து சரிவாக இறங்கும், பால் பூத்தைத் தாண்டி இடது பக்கம் ஒரு முடக்கு, முடக்குக்கு நேரே யாருடையதோ தேயிலைப் பாத்தி, இரண்டு வரிசைச் செடி, அதற்கப்புறம் பள்ளம். நடக்கிற வேகத்தில்தான் வண்டி இறங்கியது. போஜன் துணியில் கையைத் துடைத்தபடி பின்னாலேயே நடந்து வந்தான். வெயிலில் பனி கரைகிற வாசனை, தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வருகிற வறுத்த வாசனை. அவர் சக்கரத்தை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார், வெண்ணெய் மாதிரி இருக்கு வசு என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் எதையாவது இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவளுக்கு ஞாபகம் இல்லை. சரிவு இன்னும் செங்குத்தாகிற இடம் வந்தது. அப்போது அவருடைய இடது கை சக்கரத்தை விட்டுவிட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை. டேஷ்போர்டுக்கு நேராகப் போயிற்று, பழைய இடத்துக்கு, ஓட்டையில் ஆள்காட்டி விரல் நுழைந்தது, உள்ளே தடவிற்று, அங்கேயே நின்றது. வசுமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரும் பார்த்தார். முதல்முறையாகத் தன் கையைத் தானே பார்த்தார், வேறு யாருடைய கையோ வந்து தன் காரில் நுழைந்துவிட்ட மாதிரி.

"இங்க என்னத்தத் தேடறேன்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று கான்வென்டில் பழக்கியிருக்கிறார்கள். அவள் சொன்னாள், முறுக்கிய இரண்டு போல்ட்டுக்கும் முன்னால் சொல்ல வராதது, இப்போது ஒரு தடையும் இல்லாமல், ஏதோ கடைச்சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி வந்தது.

"சாவிய. இறக்கத்துல எடுத்து என் மடியில போடுவீங்க."

"நானா?"

"கல்யாணமான நாலாம் நாள்லேருந்து."

அவர் ரோட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவள் பயந்த பார்வை இல்லை அது, அது என்ன பார்வை என்று அவளுக்குப் பிடிபடவில்லை, சூடான டீயை நாக்கில் வைத்துக்கொண்டு துப்புவதா முழுங்குவதா என்று தெரியாமல் நிற்பாரே, அந்த மாதிரி. மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. ஆமா இல்ல, என்றார், போடுவேன் இல்ல. அவர் கை ஓட்டையிலிருந்து வெளியே வந்தது. இந்தத் தடவை அதற்கு வழி தெரிந்திருந்தது, இந்தத் தடவை அது தானாகச் செய்யவில்லை, சிஸ்டர் ஆக்னஸ் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள், மனசு சொல்லி, முழு மனசோடு, ஆசையாக, சக்கரத்துக்கு அடியில் இடது பக்கம் போயிற்று. பூட்டு. அந்த ஒரு வார்த்தைதான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. பூ என்று உதடு குவிந்தது. எஞ்சின் நின்றது. வெளிச் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது, பால் பூத்தில் யாரோ கேனை உருட்டும் சத்தம், மேலே தூரத்தில் கிரைண்டர். சாவி மடியில் விழுந்தது. முடக்கு வந்தது. அவர் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சக்கரத்தை இடது பக்கம் திருப்பினார், ஒரு சாண் திரும்பியது.

டக்.

நடக்கிற வேகம்தான். பிரேக்கை அவர் மிதித்தபோது முன் சக்கரம் இரண்டும் பாத்திக்குள் போயிருந்தன. தேயிலைச் செடிக்கு வேர் ஆழம், வயசு ஐம்பதோ அறுபதோ, முதல் வரிசை சாய்ந்து கொடுத்தது, இரண்டாவது வரிசை கொடுக்கவில்லை. பானட் முழுக்க இலை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது வரிசைக்கு அந்தப் பக்கம் வானம் ஆரம்பித்தது. கிருபாகரன் திரும்பாத சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை இழுத்தார், அந்தப் பக்கம் ஒரு தடவை. பர்லியார் தாண்டினதுமா என்று கேட்டார். ம் என்றாள். ஞாயித்துக்கிழமை இதையேதான் செஞ்சிருப்பேன். ம். அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"இத்தனை வருஷமா ஒரு தடவைகூடச் சொல்லலையே வசு."

போஜன் ஓடி வந்துவிட்டான், இலையை விலக்கி, அக்கா அடி ஏதும் படலையே, சார், என்ன சார், என்று மூச்சிரைத்தான். சாவி இல்லாம பூட்டிக்கிச்சா என்று எட்டிப் பார்த்தவனுக்கு விஷயம் விளங்க இரண்டு நிமிஷம் ஆனது. கிருபாகரன் ரோட்டைப் பார்த்தபடி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்காமல், என் கை அப்படிப் பழகிப்போச்சு போஜன் என்று, பூட்டை எடுத்துடு, தோண்டியாவது எடுத்துடு, சாவியை டேஷ்போர்டுலேயே மாட்டிடு, பூட்டை எடுத்தாலும் இனிமே இறக்கத்துல நான் சாவியைத் தொட மாட்டேன், கையைக் கட்டிப்போட்டாவது இறங்குவேன் என்றார். அவருடைய காது மடல் வெளுப்பாகவே இருந்தது. செய்வார். இதைச் செய்வார். நாளைக்குப் போஜன் டிரில்லோடு வருவான், ஞாயிற்றுக்கிழமை பர்லியார் வரும், கடைகள் தாண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பதினாலு வளைவும் ஒழுங்காகத் திரும்பும், அவர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருப்பார், பக்கத்தில் அவள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வண்டியைப் பின்னால் தள்ளணும், சக்கரம் இளகணும் அக்கா, அந்தச் சாவியைக் கொடுங்க என்று போஜன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். மடியில் சாவி இல்லை. அவள் வலது கைக்குள் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொடு வசு என்றார் கிருபாகரன். கொடுக்கத்தான் நினைத்தாள். விரல்களைப் பார்த்தாள், முட்டியெல்லாம் வெளுத்து, காய்ந்த மாவு வெடித்து, அவை அவளுடையவை மாதிரியே இல்லை. திற என்று சொன்னாள், மனசுக்குள், கான்வென்ட் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக. மேலே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாவி இன்னும் சூடாகத்தான் இருந்தது. கை திறக்கவில்லை.